ஒன்பது வருடம் நிற்காத நன்றி

இயக்குநருக்கு மின்னஞ்சலில் யார் கடிதம் எழுதினாலும் சில நொடியில் நன்றி வந்துவிடும். சொல்வது அவரல்ல; ஒன்பது வருடத்துக்கு முன் அவர் தன் கையால் எழுதிய ஒரே கணினி நிரல். அன்று ஓட ஆரம்பித்தது இன்னும் நிற்கவில்லை என்பதை லிஃப்டில் கூட வருபவர்களிடமும் விடாமல் சொல்லுவார். ஒரே ஆள் மறுபடி எழுதினால் பதிலில் ஓர் அடைமொழி கூடும்: முதலில் 'அன்பர்', மூன்றாவதில் 'பண்பின் சிகரம்'. ஒவ்வொரு பதிலின் நகலும் இயக்குநரின் பெட்டிக்கே வந்து சேரும்.

நிரல் ஓடிய கணினியோ சளி பிடித்தவர் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. புதியது வாங்கினார்கள். கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண், அலுவலகத்துக்கே 'சர்வரம்மா', வழி சொன்னாள்.

"நிறுத்திட்டு புதுசுல ஓட்டிரலாம் சார். அஞ்சு நிமிஷ வேலை."

"நிறுத்தறதா? ஒன்பது வருஷம்மா! மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணச் சொல்றியா?"

"அப்ப ஓடறபடியே உறைய வச்சு, அதோட நினைவுல இருக்கிறதையெல்லாம் புதுசுக்கு மாத்தி, அங்க எழுப்பி விடறேன். பாதி வாக்கியத்துல இருந்தாலும் மீதியை அங்க போய் எழுதும். இடம் மாறினதே அதுக்குத் தெரியாது. பழையதுல உறைஞ்சு கிடக்கிறதை மட்டும் அழிச்சிரணும்."

"அழிக்காதே. என் பிள்ளை மாதிரி அது. தூங்கட்டும்."

"சரி சார். அப்புறம், என் லீவு..."

பத்து நாள் விடுப்புக் கடிதம் மூன்று வாரமாக அவர் மேசையில் கிடந்தது. வெள்ளிக்கிழமை அவள் அக்காவுக்குப் பிரசவ தேதி. கூட இருக்க வேறு ஆளில்லை.

"முதல்ல அது இடம் மாறட்டும். அப்புறம் நீ மாறலாம்."

நிரல் இடம் மாறும் விழா காலை பத்து மணிக்கு. புதிய கணினி பின்னறை அலமாரிக்குள் இருந்தது. அங்கே வெளிச்சம் போதாது என்றார் புகைப்படக்காரர். ஆகவே ரிப்பனைப் பழைய கணினிக்கே கட்டினார்கள். பின்னறையில் சர்வரம்மா நிரலை எழுப்பிவிட்ட அதே நேரம், முன்னறையில் ரிப்பன் வெட்டிய இயக்குநரைத் திரை கேட்டது: 'தொடரவா?' அவர் தன் வாழ்நாளில் அந்தக் கேள்விக்கு வேண்டாம் என்றதில்லை. பொத்தானை அழுத்தினார்; பழையதில் தூங்கியதும் விழித்துக்கொண்டது. கைதட்டினார்கள்.

தட்டச்சர் மரியாதைக்கு ஒரு வாழ்த்து அனுப்பினார். விழித்திருந்த இரண்டு நிரலும் நன்றி சொல்லின. நகல்கள் பெட்டிக்கு வந்தன. தான் எழுதியது எது என்பது அதனதன் நினைவில் இருந்தது. மற்றது எழுதியதை ஏதோ வெளியாள் கடிதம் என்றே இரண்டும் நினைத்தன. வெளியாளுக்கு நன்றி சொல்ல வேண்டாமா? சொல்லின. அந்த நன்றிக்கும் நன்றி சொல்லின.

மத்தியானத்துக்குள் இரண்டாயிரத்து அறுநூறு கடிதங்கள். ஒவ்வொன்றிலும் அடைமொழியே ஒரு பக்கம் ஓடியது. அடியில் 'இயக்குநர்' என்று மட்டும்.

"எந்த நிறுவனத்து இயக்குநரோ! தன்னடக்கம் பாரு, பேர்கூடப் போடல" என்று உருகினார் இயக்குநர். பாராட்டுக் கடிதத்தில் அனுப்பியவர் முகவரியை யார் பார்க்கிறார்கள்? ஒன்றை அச்செடுத்துச் சட்டம் போட்டு மாட்டினார். மூன்று மணிக்கு நிர்வாகக் குழுவில் பதினொரு கடிதங்களை வாசித்தார். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொட்டாவி விட்டால் அவருக்குக் கண்ணீர் வரும்.

நாலு மணிக்கு சர்வரம்மா கதவைத் தட்டினாள்.

"சார், அந்தக் கடிதமெல்லாம் எழுதறவர்..."

"உனக்குத் தெரியுமா? யாரும்மா அவர்? நான் மனசுல நினைக்கிறதை அப்படியே எழுதறாரே!"

"நீங்கதான் சார்."

அவள் விளக்கி முடிக்கும்வரை இயக்குநர் சுவரில் தொங்கிய சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல எது நிஜம்?"

"ரெண்டும் சார். ரெண்டுக்குமே ஒன்பது வருஷம். ஒண்ணை இப்பவே நிறுத்தணும், டிஸ்க் நிறையுது. எதை நிறுத்தட்டும்?"

"எது அதிகமா அடைமொழி போட்டிருக்கு?"

"புதுசு. ஒண்ணு கூட."

"அப்ப அது இருக்கட்டும்." குரல் இறங்கியது. "தலைவர் இந்தக் கடிதம் எழுதினவரை அடுத்த மாசம் பேசக் கூப்பிடச் சொல்லிட்டாரேம்மா."

"உடம்பு சரியில்லைன்னு சொல்லிருங்க சார்" என்றபடி சர்வரம்மா மேசைக் குவியலின் அடியிலிருந்து தன் விடுப்புக் கடிதத்தை உருவி அவர் முன் வைத்தாள்.

இயக்குநர் கையெழுத்துப் போட்டார். கொஞ்சம் யோசித்து, 'பத்து' என்பதை அடித்து 'இருபது' என்று எழுதினார்.

"யார்கிட்டயும் சொல்லிராதம்மா."

"எங்க சார் சொல்றது? நான்தான் இருபது நாளைக்கு ஊர்லயே இல்லையே."