புல் ஊறிய தண்ணீர்

குதிரைக்கு வேறு ஏதோ பெயர் இருந்தது. பூங்காவில் குழந்தைகள் அதைப் பூசணி என்று கூப்பிடப் போய், வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. அப்போது அது நிறத்துக்காக வைத்த பெயர்தான். உடம்பு பின்னால் வந்து பெயருக்குப் பொருந்திக்கொண்டது.

பன்னிரண்டு வருடம் மாமனார் அதை ஒரு சின்ன வண்டியில் பூட்டி, பூங்காவின் குளத்தைச் சுற்றிக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போனார். இரண்டு வருடத்துக்கு முன் இனி வண்டி வேண்டாம் என்று பூங்காவில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து பூசணி வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நின்று தின்றது. மாமனார் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அது தின்பதைப் பார்த்தார். வேலை போனது இரண்டு பேருக்கும்தான். சதை போட்டது ஒருவருக்கு மட்டும்.

மருமகளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. விடிவதற்குள் கிளம்பினால் மூன்று மணிக்குத் திரும்புவாள். கணவன் தூரத்து லாரி ஓட்டுகிறவன். பத்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து, ஒரு நாள் முழுக்கத் தூங்கிவிட்டுப் போவான். ஆக வீட்டில் இருந்தது அவளும் மாமனாரும். பதினொரு வருடமாக அவர்களுக்குள் சண்டை என்று எதுவும் வந்ததில்லை. சண்டை போடவும் நாலு வார்த்தை பேச வேண்டுமே. சாப்பிட்டீங்களா மாமா என்பாள். ம் என்பார். அந்த ஒரு எழுத்தை வைத்துக்கொண்டே அவர் ஒரு நாளை ஓட்டிவிடுவார்.

ஒரு நாள் பூசணி நடக்க மறுத்தது. முன்கால்களை முன்னே நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, கொதிக்கிற மணலில் நிற்பதுபோல் நின்றது. கால்நடை டாக்டரம்மா வந்து குளம்பைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. பிடரிக்குக் கீழே கொழுப்பு ஒரு முழு ரொட்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி திரண்டு, அமுக்கினால் அசையாமல் கெட்டியாக இருந்தது. ரத்தம் எடுத்துப் போனார். மறுநாள் முடிவோடு வந்தார். மாமனார் உள்ளே குதிரையின் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்க, டாக்டரம்மா வெளியே தன் காரருகில் மருமகளிடம்தான் எல்லாவற்றையும் சொன்னார்.

மனிதர்களுக்குச் சர்க்கரை நோய் வருவதற்கு முன்னால் உடம்பு தடுமாறுமே, அந்த மாதிரிதான் இதுவும் என்றார். இன்சுலின் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது. அது ஏறினால் குளம்புக்குள்ளே வீங்கும். கொழுப்பு கரைய வேண்டும், அதேசமயம் பட்டினியும் போடக் கூடாது. பட்டினி போட்டால் ஈரல் கெட்டுவிடும். பச்சைப்புல் கிடையாது, ரொட்டி கிடையாது, கேரட் கிடையாது. ஒரு நாளைக்கு ஆறு கிலோ காய்ந்த புல், நனைப்பதற்கு முன்னால் எடை போட்டது. அதைப் பச்சைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்து எடுத்தால், புல்லில் இருக்கிற சர்க்கரையில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். பிறகு சின்னக் கண் வைத்த வலைப்பையில் போட்டுத் தொங்கவிட வேண்டும், மெதுவாகத் தின்னும்.

கடைசியாக, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பத்து வாரம் பாக்கலாம். குறையாம, இந்தக் குளம்பு இன்னொரு தடவை வீங்குச்சுன்னா, ஊசி போட்டுத் தூங்க வெக்கிறதத் தவிர என்கிட்ட வேற எதுவும் இல்லம்மா."

அவள் தலையாட்டினாள். அந்தக் கணத்தில் அவள் மனதுக்குள் ஒன்று நடந்தது. சுமை தூக்கிச் சுமை தூக்கிக் கடுத்துப்போன தோளிலிருந்து யாரோ ஒரு மூட்டையை இறக்கப் போவதுபோல் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. சாணி அள்ள வேண்டாம், புல்கட்டு இழுக்க வேண்டாம். உடனே கூசிப்போனாள். உள்ளே திரும்பியபோது மாமனார் குதிரையின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருந்தார். டாக்டர் என்ன சொன்னாங்க என்று கேட்டார். உடம்பு குறையணுமாம், இல்லன்னா கஷ்டம்தானாம் மாமா என்றாள். அவர் மேலே கேட்கவில்லை. கஷ்டம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.

தன் கூச்சத்துக்குத் தானே விதித்துக்கொண்ட தண்டனைபோல் அவள் அந்த வேலையைச் செய்தாள். அதிகாலையில் எழுந்து தொங்கு தராசில் புல்லை எடை போட்டு, நாலு வலைப்பைகளில் பிரித்துக் கட்டி, பழைய குளியல் தொட்டியில் அமுக்கி, மேலே கல் வைத்துவிட்டுப் போவாள். ஒரு மணி நேரம் கழித்துப் பைகளை எடுத்துக் கம்பியில் தொங்கவிட்டுத் தண்ணீர் வடிந்ததும் கொடுப்பது மாமனாரின் பொறுப்பு. ஊற வெச்சுக் குடுக்கணுமாம் மாமா என்று மட்டும் சொல்லியிருந்தாள். தூசிக்காக என்று அவராகவே எடுத்துக்கொண்டார் போலும். அவளும் விளக்கவில்லை. விடியற்காலையில் அவளிடம் அவ்வளவு வார்த்தை மிச்சம் இருப்பதில்லை.

அளவெடுக்கத் தையல் நாடா போதவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரர் இரண்டு நாடாக்களை இணைத்துத் தைத்துக் கொடுத்தார். முதல் தடவை தானே வந்து நெஞ்சைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தார். "நூத்தி எண்பத்தி நாலு சென்டிமீட்டர். முப்பது வருஷமா தைக்கிறேன், இந்தச் சைஸுக்கு நான் துணி வெட்டுனதே இல்ல" என்றார். வேலி வழியாக இத்தனை நாளும் ரொட்டி ஓரங்களை நீட்டியவர் அவர்தான். விஷயம் தெரிந்ததும் நிறுத்திவிட்டார். அதன் முகத்தைப் பார்த்தால் கை தானாக நீளுகிறது என்று சொல்லி, தையல் இயந்திரத்தையே தெருப்பக்க ஜன்னலுக்கு மாற்றிக்கொண்டார்.

முதல் வாரம் நூற்று எண்பத்திரண்டு. அடுத்தது நூற்று எண்பத்தொன்று. அதற்கப்புறம் நாடா அங்கேயே நின்றுவிட்டது. மூன்றாவது வாரம், நான்காவது வாரம், ஐந்தாவது வாரம். தராசு பழுதோ என்று ஐந்து கிலோ மாவு மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். தராசில் பழுதில்லை. ஆறாவது வாரம் குளம்பு மறுபடி லேசாகச் சுட்டது. அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில், எதிரில் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டுவிட்டாள்.

"மாமா, நான் இல்லாதப்ப அதுக்கு ஏதாவது குடுக்கறீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப காத்தக் குடிச்சா கொழுக்குது?"

அவர் தட்டைப் பார்த்தார். "என் கையால ஒரு புல்லுகூட அதிகமாப் போடல" என்றார். மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பின்பக்கம் போனார். அடுத்த ஆறு நாள் அந்த ம் கூட வரவில்லை. பேசாமல் இருப்பதற்கும் பேச்சை நிறுத்துவதற்கும் எவ்வளவு தூரம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பொய் சொல்கிறார் என்று ஒரு நாள் நினைத்தாள். அவர் பொய் சொல்லிக் கேட்டதே இல்லையே என்று மறுநாள் நினைத்தாள். மூன்றாம் நாள் எதையும் நினைக்கத் திராணியில்லாமல் ஈரப் போர்வைகளை இயந்திரத்திலிருந்து இழுத்துக்கொண்டே இருந்தாள்.

ஏழாம் நாள் சலவைக்கூடத்தில் நீராவிக் குழாய் வெடித்தது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் சரி செய்ய ஒரு நாள் ஆகும் என்று எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். காலை ஒன்பதரை மணி வெயிலில், இந்த நேரத்தில் தன் தெரு இப்படியா இருக்கும் என்று பார்த்தபடி வீட்டுக்கு வந்தாள். நேராகப் பின்பக்கம் போனாள்.

நாலு பைகளும் கம்பியில் ஒழுங்காகத் தொங்கின. மாமனார் தொட்டிமேல் மூடியிருந்த பலகையை நகர்த்தி, ஒரு வாளியை உள்ளே முக்கி எடுத்தார். டீ நிறத்தில் தண்ணீர். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, நடுவில் ஒருமுறை கீழே வைத்து மூச்சு வாங்கி, கொண்டுபோய்ப் பூசணியின் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றினார். அது கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சியது. தொட்டியின் அடியைக்கூட நக்கியது.

அவள் கிட்டே போனாள். பிறகு, "தினமும் குடுக்கறீங்களா மாமா?" என்றாள்.

ஆறு நாள் கோபத்தை அவர் அப்போது மறந்துவிட்டார் போலிருந்தது. "தண்ணிதானம்மா. சாக்கடையிலதான போகப் போவுது? புல்லக் கொறச்சாச்சு, பாவம், பசி தாங்கல. வெறும் தண்ணிய மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. இதக் குடுத்தா மட்டும் வயிறு நெறயக் குடிக்குது. தண்ணி குடிச்சா உடம்பு எளைக்கும்தான?"

அவள் பக்கத்தில் கிடந்த புல்கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். ஆறு வாரம். ஒவ்வொரு நாளும் விடிவதற்கு முன் எழுந்து அவள் புல்லிலிருந்து பிரித்த சர்க்கரையை, அவள் வாசல் தாண்டியதும் அவர் வாளி வாளியாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். கத்த வேண்டும்போல் இருந்தது. யாரை நினைத்துக் கத்துவது? அந்தத் தொட்டியில் புல்லை ஏன் அமுக்குகிறோம் என்று ஒரே ஒரு வாக்கியம். அதைக் காரருகில் நின்று கேட்டவள் அவள் ஒருத்திதான். வீட்டுக்குள் கொண்டுவரவில்லை.

சொன்னாள். அவசரப்படாமல், முழுவதையும் சொன்னாள். இன்சுலின், குளம்பு, புல்லில் இருக்கிற சர்க்கரை, அது தண்ணீரில் இறங்குவது, பத்து வாரம், ஊசி.  முடித்ததும் அவர் வாளிக்குள் ஒரு விரலை விட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தார். 

"இனிக்குதும்மா" என்றார்.

தொட்டியை அவரே கவிழ்க்கப் பார்த்தார். முடியவில்லை. அவள் எழுந்து மறுபக்கம் பிடித்தாள்.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா வந்தார். குளம்பைப் பார்த்து முகம் சுளித்தார். புல் ஊறின தண்ணீரை அது குடித்துக்கொண்டிருந்தது என்று மருமகள் சொன்னாள். டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே, யார் குடுத்தது என்று கேட்டார். "அதுல சர்க்கரை இறங்கும்னு எங்க வீட்டுல யாருக்கும் தெரியல டாக்டர். நான் சொல்லாம விட்டுட்டேன்" என்றாள். மாமனார் குதிரையின் கழுத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். அவர் கை பிடரியில் அப்படியே நின்றது. டாக்டரம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்றிலிருந்து புதிதாக எண்ணுவோம், ஆனால் இதற்குமேல் இழுக்க முடியாது என்றார்.

அதன்பின் நாடா இறங்கியது. கடகடவென்று இல்லை, ஒரு வாரம் ஒன்று, ஒரு வாரம் அரை, ஒரு வாரம் ஒன்றுமே இல்லை. குளம்புச் சூடு தணிந்ததும் தினம் இருபது நிமிடம் மெதுவாக நடத்தச் சொன்னார் டாக்டரம்மா. மாமனார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை போய் வந்தார். இளைத்துப்போய் வந்தது அவர்தான் என்று தையல்காரர் சொன்னார். புதுக் கணக்கில் பத்தாவது வாரம் நூற்று எழுபத்து நாலு. பிடரிக் கட்டியை டாக்டரம்மா அமுக்கினார். அது தளர்ந்து இரண்டு பக்கமும் அசைந்தது. எடுத்துப்போன ரத்தத்தின் முடிவு மறுநாள் சாயங்காலம், அவள் கொட்டகையில் இருந்தபோது ஃபோனில் வந்தது. இன்சுலின் பாதிக்கும் கீழே வந்துவிட்டது, முழுசாக இறங்கவில்லை, இதே சாப்பாடுதான் இனி வாழ்நாள் முழுக்க என்றார். ஊசியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

வாழ்நாள் முழுக்க. குதிரைகள் முப்பது வயது வரைகூட இருக்கும் என்று அவள் எங்கோ கேட்டிருக்கிறாள். இன்னும் எத்தனை விடியற்காலை என்று கணக்குப் போடப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை எடுத்து வெளியே வைக்கத்தான் உடம்பில் தெம்பில்லை.

ஃபோன் மறுபடி அடித்தது. கணவன், எங்கோ வழியில் லாரியை ஓரங்கட்டிவிட்டுக் கூப்பிட்டான். என்னாச்சு என்றான். பொழச்சிடுச்சு என்றாள். ஆறு வாரம் குறையவே இல்லையே, அப்புறம் எப்படி, என்னதான் நடந்தது என்றான். அவள் வாயைத் திறந்தாள். மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கையை நீட்டினார். அவர் ஃபோனைக் கேட்டு அவள் பார்த்ததில்லை. கொடுத்தாள்.

அவர் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் மகன் அப்பா, அப்பா என்பது கேட்டது.

"நான்தான்டா" என்றார். "நான்தான் குடுத்தேன். அவ மேல தப்பில்ல. இரு, மொதல்லேர்ந்து சொல்றேன். இந்தப் புல்லு இருக்கே, இதுக்குள்ள சர்க்கரை இருக்குதாம். நம்ம கண்ணுக்குத் தெரியாது..."

அவர் சொல்லிக்கொண்டே போனார். இன்சுலின் என்பதை மூன்று விதமாகச் சொன்னார். அவள் புல்கட்டில் சாய்ந்தாள். இவ்வளவு வார்த்தைகளை எங்கே வைத்திருந்தார் என்று நினைத்தது அவளுக்கு நினைவிருக்கிறது. தண்ணீர் டீ நிறத்துக்கு வருகிற இடம் வரை கேட்டாள். அதற்கப்புறம் தூங்கிப்போனாள்.