குருக்கள்மடத்துக் கழுதை ஆட்டம்

குருக்கள்மடத்தில் காட்ஸ், அதாவது சீட்டு, விளையாடித் தோற்றவரின் வாசலுக்கு அன்று மாலை ஐந்தரை மணிக்கு ஒரு கழுதை வந்து நிற்கும். சாம்பல் நிறம், இடக் காதில் சிறு கிழிசல், நல்ல குணம். மட்டக்களப்புப் பக்கத்தில் கழுதை கிடையாது, பார்க்க வேண்டுமென்றால் மன்னாருக்குத்தான் போக வேண்டும். இதுவோ வாவிப் பக்கமிருந்து முழங்கால்வரை ஈரத்தோடு நடந்து வரும். முதன்முதல் வந்த சித்திரை வருடப் பிறப்பன்று ஊரே சொந்தக்காரனைத் தேடியது. ஒருவரும் உரிமை கோராததால் கிராம சேவகர் தன் பதிவேட்டில் "கழுதை, ஒன்று" என்று எழுதி ஒப்பமிட்டார். அதன்பிறகு அது ஊருக்குப் பழகிவிட்டது. பஸ்ஸைவிட அது நேரத்துக்கு வந்தது.

ஆட்டத்தின் பெயரும் கழுதைதான். நாலு பேரும் ஆடலாம், நாற்பது பேரும் ஆடலாம். ஆள் கூடினால் இன்னொரு கட்டைக் கலந்துவிட வேண்டியதுதான். இறக்கிய இனம் கையில் இல்லாதவர் வேறொன்றால் வெட்டினால், பெரிய காட் போட்டவர் எல்லாவற்றையும் அள்ள வேண்டும். கையிலுள்ளதையெல்லாம் இறக்கி முடித்தவர் தப்பினார், கடைசிவரை வைத்திருப்பவர் கழுதை. வென்றவர் என்று ஒருவருமே இல்லாத விளையாட்டு என்பதால் சண்டையும் குறைவு. ஞாயிறு பின்நேரங்களில் வாவிக்கரைப் பூவரசுகளின் கீழே பாய் விரித்து ஆடுவார்கள். தோற்ற வீட்டில் கழுதை அடுத்த ஞாயிறு விடியும்வரை நின்றுவிட்டு வாவிப் பக்கம் போய்விடும், அதுவரை கொண்டாட்டம். பிள்ளைகள் புல்லோடு வருவார்கள், பெண்கள் அரிசி கழுவிய தண்ணீரோடு வருவார்கள், சும்மா பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துக் கதைபேசி இருட்டியபின் போவார்கள். புது மாப்பிள்ளை நிதுர்ஷன், மனைவிக்குக் கழுதையோடு படம் எடுத்துக் கொடுக்கவென்று ஒருமுறை வேண்டுமென்றே தோற்றான். கழுதை ஊருக்குள் நுழையும் மதகுவரை வந்து, அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. அதற்குப்பின் அந்தக் கெட்டித்தனத்தை ஒருவரும் காட்டவில்லை.

யசோதினி ரீச்சருக்கு அந்தக் கழுதை வேண்டியிருந்தது. முப்பத்து மூன்று வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்று, ஊர் ஓரத்தில் சின்னதாக வீடு கட்டிக் குடிவந்தவர். ஊரில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். ஃபெயிலானவர்களும் பயந்தார்கள், பாஸானவர்களும் பயந்தார்கள். பேரப்பிள்ளை கண்டவர்கள்கூட அவர் வீட்டைக் கடக்கையில் சைக்கிளை மற்றக் கரைக்குத் திருப்பினார்கள். இரண்டு வருடத்தில் அந்த வாசலைத் தாண்டி வந்தது தபால்காரரும் மின்மானி பார்ப்பவரும் வழிதவறிய ஒரு மாடும்தான். கழுதை வந்தால் ஆட்கள் வருவார்கள் என்று கணக்குப் போட்டு ரீச்சர் ஆட்டத்துக்கு வந்தார். ஆனால் அவரால் தோற்க முடியவில்லை. எந்தக் காட் யார் கையில் என்று அவருடைய மூளை தானாக எண்ணிக்கொண்டே இருந்தது. கண்ணை மூடினார், மனதுக்குள் தேவாரம் பாடினார். பாட்டுக்கு அடியிலும் எண்ணிக்கை ஓடியது. பதினான்கு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் முதலாவதாகத் தப்பியவர் அவரே. ஒருநாள் வீட்டுக்கு நடந்து போகையில் அழுதுவிட்டார், அதை ஒளிப்பானேன்.

போன ஆவணியில் ஒரு ஞாயிறு முப்பத்தொரு பேர் கூடினார்கள், மூன்று கட்டு. காத்தான்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் உடுக்கும் சாரம் விற்க வந்த றவூப் முதன்முதல் பாயில் இருக்க வந்தார்.

"ஏன் தம்பி, இவவுக்குப் பக்கத்தில மட்டும் இவ்வளவு இடம் கிடக்கு?" என்று கேட்டுக்கொண்டே ரீச்சரை ஒட்டி இருந்தார்.

ஓட்டோக்காரன் திவாகரன் தொண்டையைச் செருமினான். "அது றவூப் நானா, தொட்டிக் கணக்கால வந்த பயம். ஒரு குழாயால தண்ணி வருது, மற்றக் குழாயால போகுது, எப்ப நிரம்பும் எண்டு ரீச்சர் கேட்டா. போற குழாய அடைச்சா கெதியா நிரம்பும் எண்டு எழுதினன். முழங்காலில நிக்க வெச்சா."

காட்டுகளைப் பாயில் கவிழ்த்து வைத்துவிட்டு ரீச்சர் பக்கம் திரும்பினான்.

"இருபத்தஞ்சு வருசமாக் கேக்க நினைச்ச நான்," என்றான் திவாகரன். "மெய்யாச் சொல்லுங்க ரீச்சர், நான் எழுதினது பிழையா?"

ரீச்சர் யோசித்தார். "சரிதாண்டா," என்றார். சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. அதைப் பார்த்து, அவரிடம் படித்த வதனி தன் பூச்சியக் கதையைச் சொன்னாள், இன்னொருவன் கிழிந்த கொப்பியின் கதையைச் சொன்னான். ரீச்சர் கண்ணீரைத் துடைத்துத் துடைத்துக் காட்டை இறக்கினார், மற்றவர்கள் வெட்ட வெட்ட அள்ளினார். வெயில் சாய்ந்தபோது எல்லோருடைய கையும் வெறுமை, அவர் கையில் மட்டும் கொள்ளாத குவியல்.

"எத்தனை ரீச்சர்?" என்று திவாகரன் கேட்டான்.

"எண்ணயில்லடா," என்றார்.

ஐந்தரைக்குக் கழுதை வந்தது. மதகில் நிற்கவில்லை, நேரே ரீச்சர் வாசலுக்குப் போனது. பின்னாலேயே ஊர் போனது. வீட்டில் இரண்டே கதிரைகள் என்று கண்டதும் ஆளாளுக்குத் தங்கள் வீட்டுக் கதிரையைத் தூக்கி வந்தார்கள். ஒரு கிழமை அந்த முற்றத்தில் நடக்க இடமில்லை.

அடுத்த ஞாயிறு றவூப் தோற்றார். கழுதை கல்முனை வீதியால் நடந்தே காத்தான்குடிக்குப் போய், சரியாக ஐந்தரைக்கு அவர் வாசலில் நின்றது. மறுநாள் பின்நேரம் ரீச்சர் ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கையில் முற்றத்தில் ஆளரவம் கேட்டது. திவாகரன், வதனி, இன்னும் ஏழெட்டுப் பேர்.

"கழுதை இஞ்ச இல்லயே," என்றார் ரீச்சர்.

"ஓம் ரீச்சர், தெரியும்," என்று திவாகரன் தன் கதிரையை இழுத்துப் போட்டான். "எனக்குச் சீனியக் குறைச்சுப் போடுங்க."

ரீச்சர் உள்ளே போய்ப் பெரிய கேத்தலை எடுத்தார்.