கிழங்குக்கு ஓர் உயிர்ச்சான்று

அமுதத்தின் கைராசி, காரைக்காலை அடுத்த விழிதியூரில் பிரசித்தம். பந்தலுக்கு என்று காய்ந்த பூவரசங்கொம்பை அவள் ஊன்றினால்கூட அது துளிர்விட்டுப் பந்தலையே தூக்கிவிடும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அப்படிப்பட்டவளுக்கு 1979 ஜனவரியில், ஒரு பிஸ்கட் டப்பாவில் சோதனை வந்தது.

அனுப்பியவர் ஒர்த்தான்ஸ் அம்மாள். அமுதத்தின் கணவர் ஆர்மானுக்கு அக்கா. பிரான்சில் துலோன் நகரத்தில், பென்ஷன் அலுவலகக் கவுன்ட்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்து ரிட்டயர் ஆனவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவை முடித்துக் காரைக்கால் திரும்பிய தம்பி, மாதா கோயில் பக்கம் தங்கள் ஆட்களிலேயே அத்தனை பெண்கள் இருக்க, விழிதியூர்க் குடியானவர் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டதில் அந்த அம்மாளுக்குத் தாங்க முடியாத கோபம். கல்யாணத்துக்கு வரவில்லை. அப்புறமும் வரவில்லை. பதினோரு வருஷமாக வந்த கடிதங்களில் அமுதத்துக்குப் பெயரே கிடையாது. 'உன் வீட்டில் இருப்பவள்', அவ்வளவுதான்.

லீவில் வந்த ஒருவர் மடியில் வைத்தே கொண்டுவந்து சேர்த்த அந்த டப்பாவுக்குள் ஒரு சின்னத் தொட்டி. வட்ட வட்டமாக இலைகள். நாலைந்து ரோஸ் நிறப் பூக்கள், இதழையெல்லாம் பின்பக்கம் மடித்துக்கொண்டு, யாரையோ முறைத்துக்கொண்டு நின்றன. கூடவே கடிதம். ஆர்மான் பிரெஞ்சில் படித்துத் தமிழில் சொன்னார்.

"இதுக்குப் பேரு சிக்லாமென். இங்க பனி கொட்டும்போதுகூட வாசல்ல நின்னு பூக்கும், அவ்வளவு கெட்டி. உன் வீட்டில் இருப்பவள் இதைச் சாகாம வச்சிருக்காளான்னு பார்ப்போம். வச்சிருந்தா டிசம்பர்ல வர்றேன். செத்துப்போனா எழுது, நான் டிக்கெட் எடுக்கல."

வேறு யாராவது என்றால் தொட்டியைத் தெருவில் வீசியிருப்பார்கள். அமுதம் வீசவில்லை. அந்த அம்மாளை ஒருநாள் உட்காரவைத்துத் தன் கையால் சோறு போட வேண்டும், அவர் வாயால் 'அமுதம்' என்று ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்று அவளுக்குப் பதினோரு வருஷத்து ஆசை. வெளியே சொன்னால் வெட்கம் என்று உள்ளேயே வைத்திருந்தாள்.

"எப்படிங்க வளக்குறது?" என்று கேட்டாள்.

"வெயில் ஆகாதாம். புழுக்கம் ஆகாதாம். மேல தண்ணி ஊத்தக்கூடாது, அடியில தட்டுல ஊத்தி வச்சா அதுவே குடிச்சிக்குமாம். அடிக்கடி இடத்த மாத்தினா பிடிக்காதாம்."

"இது செடியா, உங்க அக்காவா?"

தை, மாசி ஒருவழியாக ஓடின. பங்குனி பிறந்ததும் தொட்டி ஃபிரிட்ஜுக்குள் குடிபோனது. மீன் வாசனை அதற்கு ஒத்துக்கொள்ளுமோ என்னவோ என்று அமுதம் மீன் வாங்குவதையே நிறுத்தினாள். கதவைச் சாத்தினால் இருட்டு, செடிக்கு வெளிச்சம் வேண்டும். அதனால் காலையில் இரண்டு மணி நேரம் கதவைத் திறந்துவைத்து எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். குளிர்ச்சிக்காகத் தெருப் பெண்கள் நாலு பேர் தங்கள் கீரையையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கரண்ட் போகும் நாட்களில் ஐஸ்காரர் அலாவுதீனின் சைக்கிளில் ஐஸ் பாளம் வரும். ஃபிரிட்ஜை விட்டு வெளியே எடுத்தால் மின்விசிறி உள்ள அறை செடிக்கு, அடுப்படிக்குப் பக்கத்து இடம் ஆர்மானுக்கு என்று ஆயிற்று. ஒருநாள் அவர் வெயிலில் அலைந்துவிட்டு வந்து, தட்டில் இருந்த ஜில்லென்ற தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டார். அது செடிக்கு வைத்த தண்ணீர். அன்று முழுக்க அமுதம் அவரோடு பேசவில்லை.

இவ்வளவும் செய்து சித்திரையில் இலைகள் மஞ்சளாகி, ஒவ்வொன்றாக விழுந்து, தொட்டி மொட்டையாகிவிட்டது.

ஆர்மான் கண் கலங்கிக் காகிதத்தை எடுத்தார். உள்ளதை உள்ளபடி எழுதுகிற மனுஷர். அமுதம் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். மண்ணைக் கிளறிக் கிழங்கை வெளியே எடுத்தாள். தட்டையாக, பழுப்பாக, ஒரு சின்ன வறட்டி மாதிரி இருந்தது. அழுத்திப் பார்த்தாள். கெட்டியாகத்தான் இருந்தது.

"சேனைக்கிழங்கு தண்டு சாஞ்சா செத்துப்போச்சுன்னா அர்த்தம்? இது தூங்குதுங்க. இப்பத் தண்ணி காட்டினாத்தான் அழுகும். பேசாம விடுங்க."

ஓலைப்பெட்டியில் காய்ந்த மணல் பரப்பி, கிழங்கை அதில் படுக்கவைத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். கிழங்கு தூங்குகிறது என்று ஆர்மான் அக்காவுக்கு எழுதினார். மூன்று வாரத்தில் பதில் வந்தது.

'என் கவுன்ட்டருக்கு முப்பது வருஷமாக வந்த கடிதங்களில், செத்துப்போன கிழவர்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். உயிர்ச்சான்று அனுப்பு.'

காரைக்காலில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை அலுவலகத்துக்கு நேரில் போய், தாங்கள் இன்னும் சாகவில்லை என்று எழுதி முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும். ஐப்பசியில் ஆர்மானுக்கும் அந்த முறை வந்தது. அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு புறப்பட, பின்னாலேயே அமுதம் ஓலைப்பெட்டியோடு புறப்பட்டாள்.

"ஏய், சிரிப்பாங்கடி."

"சிரிக்கட்டும். உங்க அக்கா காயிதத்தத்தானே நம்புவாங்க?"

சான்று எழுதித் தரும் குமாஸ்தா தெட்சிணாமூர்த்தி, ஆர்மானின் தாளில் முத்திரை குத்திவிட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, கருணைக்கிழங்கா?"

"பிரெஞ்சுக் கிழங்குங்க. உயிரோட இருக்குன்னு எழுதிக் குடுங்க."

வேறொருவர் விரட்டியிருப்பார். தெட்சிணாமூர்த்திக்குச் சட்டம்தான் முக்கியம். சான்று எழுதும் பாரம் ஒன்றை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தார். 'மனிதர்' என்று அதில் எங்குமே இல்லை. 'மேற்படியார்' என்றுதான் இருந்தது. அதன் பிறகு அவரால் மறுக்க முடியவில்லை.

"மேற்படியார் நேர்ல வந்திருக்காரா?"

"வந்திருக்குங்க."

"பொறந்த ஊரு?"

"துலோன்," என்றார் ஆர்மான் முனகலாக.

குமாஸ்தா பேனாவை நிறுத்தினார். "பிரான்சுலயே பொறந்ததா? அப்ப உங்களவிட இதுக்குத்தாங்க பாத்தியதை ஜாஸ்தி. பிரெஞ்சுக்காரன் ஊர ஒப்படைச்சப்ப, அறுபத்திரண்டுல நீங்க கையெழுத்துப் போட்டு பிரஜையா இருக்கீங்க. இது பொறக்கும்போதே பிரஜை."

"நான் இந்தோசீனாவுல குண்டடி பட்டவங்க!"

"அதுக்குத் தனி பாரம். இதுல கையெழுத்து யாரு போடுறது?"

"அதுக்குக் கை இல்லீங்களே," என்றாள் அமுதம்.

"அப்ப ரேகை வைக்கணும்."

அமுதம் கிழங்கை மைப்பெட்டியில் ஒற்றித் தாளில் அழுத்தினாள். வட்டமாக ஒரு கறை விழுந்தது. குமாஸ்தா அதைத் தூக்கிப் பார்த்துத் திருப்திப்பட்டார். ஆனால் முத்திரையைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"உயிர் இருக்குங்கறதுக்கு அடையாளம் வேணுமே."

அமுதம் கிழங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவளும் தூங்குகிறது என்று சொன்னாளே தவிர, ஆறு மாதமாகப் பயத்தில் உள்ளே பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் கிழங்கின் ஓரத்தைக் கீறினாள். திறந்து பார்த்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று சதை, லேசாக ஈரம்.

"இந்தாங்க, பாருங்க! பாருங்க!"

"சரிதான். ஆனா அசையலையே," என்று இழுத்தார் குமாஸ்தா.

வரிசையில் அடுத்து இருந்தவர் ஃபெர்னான். தொண்ணூறு வயசு. இரண்டு பேரன்கள் நாற்காலியோடு தூக்கி வந்து இறக்கியிருந்தார்கள். அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்தவர் குரலை உயர்த்தினார்.

"நான் மட்டும் அசையறனா? அசைஞ்சாத்தான் உயிருன்னா, இந்த வரிசையில பாதிப் பேரு கல்லறைக்குத்தான் போவணும். இன்னிக்கு அதுக்கு இல்லன்னுவீங்க, நாளைக்கு எனக்கு இல்லன்னுவீங்க. குத்துங்க முத்திரைய!"

"குத்துங்க, குத்துங்க" என்று வரிசை முழுக்கக் கைத்தடியைத் தரையில் தட்டியது. தெட்சிணாமூர்த்தி குத்திவிட்டார். அன்றைக்கே அந்தத் தாள் துலோனுக்குத் தபாலில் போனது.

டிசம்பரில் ஒரு மழை நாளில் ஒர்த்தான்ஸ் அம்மாள் காரை விட்டு இறங்கினார். கையில் கம்பளிக் கோட்டு. நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "எங்க அது?" என்றார்.

அமுதம் பெட்டியை நீட்டினாள். கிழங்கு அப்படியேதான் இருந்தது. இலையும் இல்லை, பூவும் இல்லை. ஒர்த்தான்ஸ் அம்மாள் அதைத் திருப்பினார், முகர்ந்தார், அழுத்திப் பார்த்தார். பிறகு தபாலில் வந்த சான்றைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். முத்திரையை விரலால் தடவினார். ரேகையையும் கிழங்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். எல்லாம் சரியாக இருந்தது போல.

"நான் இத அனுப்புனதே சாகட்டும்னுதான்," என்றார்.

அவருடைய கம்பளிக் கோட்டை ஆணியில் மாட்டப்போன ஆர்மான் திரும்பி வந்தார்.

"எங்கிட்டயே நாலு தொட்டி செத்துப்போச்சு. இந்தச் சூட்டுல ஒரு மாசம் தாங்காதுன்னு நெனச்சேன். செத்துப்போனா வரவேண்டியதில்ல. பதினோரு வருஷம் கழிச்சு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது, சொல்லு? முத்திரை குத்தின காயிதம் வந்துருச்சு. முப்பது வருஷம் அதுக்குத்தான் தலையாட்டினேன். இப்ப வராம இருக்க முடியுமா?"

அமுதத்துக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. பதினோரு வருஷத்தில் வராத கோபம்.

"வர்றேன்னு ரெண்டு வரி எழுதியிருந்தா போதுமே அண்ணி! அதுக்கு ஒரு கிழங்கப் போயி இந்தப் பாடு படுத்தணுமா? எங்களயும் படுத்தணுமா?"

ஒர்த்தான்ஸ் அம்மாள் தாளை மறுபடி கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். இன்னும் கவுன்ட்டரில் இருப்பது போலப் பேசுவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்க வேண்டும்.

"இது ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும்," என்றார். "அதுக்கப்புறம் நேர்ல பார்த்து எழுதினாத்தான் உண்டு. அடுத்த டிசம்பர்ல நான் வரணும். அதுக்கடுத்த டிசம்பர்லயும் வரணும். சட்டம் அப்படி, நான் ஒண்ணும் பண்ண முடியாது." தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "உனக்குச் சம்மதமா, அமுதம்?"

அமுதம் பெட்டியை அவர் மடியிலேயே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். உலை கொதிக்கிற சத்தத்தில் நன்றாக அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து இலை போட்டாள்.