சீட்டியின் சொந்தக்காரி

உதடு குவிந்திருக்கிறது, சீட்டி கேட்கிறது, ஆனால் குவிந்திருக்கும் உதடு என்னுடையது இல்லை, மேடை விளிம்பில் ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு ஸ்டைலாக நிற்கிற அமலண்ணனுடையது, நான் அவருக்குப் பின்னால், அரக்கு நிற வெல்வெட் திரையின் தூசி மூக்கில் ஏற, தும்மல் வந்துவிடக் கூடாதே என்று தெரிந்த தெய்வங்களையெல்லாம் வேண்டிக்கொண்டு, யாருக்கும் தெரியாத இன்னொரு மைக்கின் முன்னால் சீட்டியடித்துக்கொண்டிருக்கிறேன். பொன்மலை ரயில்வே காலனி ஹாலில் எங்கள் மெல்லிசைக் குழுவின் கச்சேரி அந்தப் பாட்டு இல்லாமல் முடியாது, மலைப்பாதையில் சைக்கிள் மிதித்துக்கொண்டு காதலன் பாடுகிற பாட்டு, எடுத்த எடுப்பில் நீளமாக ஒரு சீட்டி, அமலண்ணனுக்குத் தேன் மாதிரி குரல், சீட்டி மட்டும் வராது, சூடான காப்பியை ஊதுவது போல வெறும் காற்றுதான் வரும், எனக்கு வரும், எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது, வந்துவிட்டது, ஆனால் ஒரு பெண்பிள்ளை மேடையேறிச் சீட்டியடிப்பதா, வீட்டுக்குப் பாம்பு வரும் என்றாள் அம்மா, மாப்பிள்ளை வர மாட்டான் என்றாள் பெரியம்மா, அதனால்தான் இந்தத் திரை, திரைக்கும் சுவருக்கும் நடுவில் காவலுக்கு மங்கையக்கா, அடியே, யாராவது வந்தா தொடையில கிள்ளுவேன், உடனே நிறுத்திரு, என்பாள் அக்கா, யாரும் வராமலே கிள்ளுவாள்.

முதல் வரிசையில் அப்பா, ஒர்க்‌ஷாப்பிலிருந்து நேராக வந்து காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார், உள்ளங்கை சிவக்கக் கைதட்டுகிறார், வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சு, என்னமா அடிக்கிறான் அந்த அமலதாஸ் பய, குயிலை முழுங்கினவன் மாதிரி, நான் தலையைக் குனிந்துகொண்டு அவருக்கு ரசம் ஊற்றுவேன், பெருமையில் கை ஆடி ரசம் தட்டைத் தாண்டி ஓடும், பார்த்து ஊத்து பாப்பா, கவனம் எங்க இருக்கு, திரைக்குப் பின்னாலப்பா என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வரும், சொல்லாமலே கல்யாணம் ஆனது, சொல்லாமலே அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

இப்போது அதே ஹாலில் பழைய பாட்டுக் கச்சேரி, காலனியில் பிறந்து எங்கெங்கோ போன ஜனமெல்லாம் நரைத்த தலையோடு திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது, வெல்வெட் திரை மட்டும் இல்லை, கரையான் தின்றுவிட்டதாம், இந்தத் தடவை நீதான் முன்னால நிக்கணும் பாப்பா, என்று போனிலேயே சொல்லிவிட்டார் அமலண்ணன், இனிமே நான் பொய்யா உதட்டைக் குவிச்சேன்னா பல் செட்டு கழண்டு விழுந்துரும். நானும் ஒரு மாதமாகக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அடித்துப் பார்த்தேன், பக்கத்து வீட்டு நாய் வாசலில் வந்து நின்று வாலாட்டியது, ஒரே ஒரு ஆசைதான் எனக்கு, ஒரு தடவையாவது என் சீட்டியை என் உதட்டில் வைத்து இந்த ஊர் பார்க்க வேண்டும். அமலண்ணன் மைக்கைப் பிடிக்கிறார், ஐயாமாரே, அம்மாமாரே, அந்தக் காலத்துல எனக்குக் கைதட்டுனீங்களே, அந்தச் சீட்டி என்னோடது இல்ல, இந்தா நிக்கிறாளே, இவளோடது. ஹாலே குலுங்கிச் சிரிக்கிறது, அடப்பாவி, உன் சீட்டிக்காகத்தானேடா தினமும் டீ வாங்கிக் குடுத்தேன், என்று பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் கத்துகிறார், எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது.

கிட்டார் தொடங்குகிறது, உதட்டைக் குவிக்கிறேன், வெறும் காற்று. சிரித்துக்கொண்டே சீட்டியடிக்க முடியாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிகிறது, திரைக்குப் பின்னால் நான் சிரித்ததே இல்லையே, கிட்டார் மறுபடியும் முதலிலிருந்து வருகிறது, மறுபடியும் காற்று, முதல் வரிசையில் மங்கையக்கா தன் தொடையைத் தானே கிள்ளிக் காட்டுகிறாள், இன்னும் சிரிப்பு, சந்தோஷம் வாயைக் காது வரைக்கும் இழுத்து வைத்திருக்கிறது, விட மாட்டேன் என்கிறது, பரவாயில்லம்மா, கீபோர்டுலயே வாசிச்சிரலாம், என்று யாரோ நல்ல மனசோடு சொல்கிறார்கள், கீபோர்டுக்காரர் விரலைத் தூக்கிவிட்டார், அவ்வளவுதானா, இத்தனை வருஷம் காத்திருந்தது இந்தக் காற்றுக்காகவா, சிரித்த கண்ணிலேயே நீர் முட்டுகிறது, இருங்கப்பா அவசரப்படாதீங்க என்று அமலண்ணன் கைத்தடியை நாற்காலியில் சாத்துகிறார், சற்று முன்னால் அவருக்குப் போர்த்திய பொன்னாடையை உருவுகிறார், இரண்டு கைகளாலும் விரித்து என் முகத்துக்கு முன்னால் பிடிக்கிறார், ம், அடி பாப்பா.

ஹால் மறைந்துவிட்டது, சிவப்புத் துணி மட்டும், புதுத் துணியின் கஞ்சி வாசனைதான், ஆனால் மூக்கில் வெல்வெட் தூசி ஏறுகிறது, தும்மக் கூடாது, மங்கையக்கா காவல் நிற்கிறாள், அம்மாவுக்குத் தெரியக் கூடாது, தொடையில் அந்தக் கிள்ளல் சுரீரென்கிறது, சிரிப்பு அடங்குகிறது, கிட்டார் வருகிறது, சீட்டி கிளம்புகிறது, முதலில் கொஞ்சம் நடுங்கி, பிறகு மலைப்பாதையின் வளைவுகளிலெல்லாம் வளைந்து, சைக்கிள் மணியைத் தாண்டி ஏறுகிறது, ஏறிக்கொண்டிருக்கும்போதே துணி இறங்குகிறது, ஐயோ அண்ணே வேண்டாம் என்று சொல்ல வாய் இல்லை, வாய் நிறையச் சீட்டி, என் நெற்றி தெரிகிறது, கண் தெரிகிறது, மூக்கு தெரிகிறது, எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், மங்கையக்கா முழங்கால் வலியை மறந்து எழுந்து நிற்கிறாள், அவளுக்குப் பக்கத்தில் ஒரு காக்கிச் சட்டை, உள்ளங்கை சிவக்கத் தட்டிக்கொண்டு, என்னமா அடிக்கிறா எம் பாப்பா, நான் நிறுத்தவில்லை, உதடு குவிந்திருக்கிறது, சீட்டி கேட்கிறது, அமலண்ணன் பல் செட்டு தெரிய வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார், குவிந்திருக்கும் உதடு என்னுடையது.