கீபோர்டைத் தட்டுகிற கை

ஜாவாவின் தெகால் பக்கத்துக் கல்யாணங்களில், கச்சேரிக் குழு முதலாளி தர்சோனோவின் பழைய கீபோர்டு பாதிப் பாட்டில் ஊமையாகிவிடும். வாசிக்கும் சுகிமான் கண்ணை மூடி, இடது மூலையில் ஓங்கித் தட்டுவான். சத்தம் திரும்பும், கூட்டம் ஆரவாரிக்கும். அவன் கையில் ஏதோ சக்தி இருப்பதாக ஊரே நம்பியது. அவனும் நம்பினான்.

கச்சேரி இல்லாத நாட்களில் கீபோர்டு சுகிமான் வீட்டில்தான் இருக்கும். ஒருநாள் அவன் மனைவி லாஸ்மி தூசி துடைக்க அதன் மூடியைக் கழற்றினாள். வண்டியில் குலுங்கிக் குலுங்கி, ஒரு சிப் அதன் சாக்கெட்டிலிருந்து பாதி எழும்பி நின்றது. கட்டைவிரலால் அழுத்தி உட்காரவைத்தாள்.

அடுத்த கல்யாணத்தில் கீபோர்டு ஒருமுறைகூட நிற்கவில்லை.

"இப்ப யாரு வாசிச்சாலும் பாடும் போலிருக்கே," என்றார் தர்சோனோ. "இனிமே என் மருமகனே வாசிக்கட்டும். நீ ரெஸ்ட் எடுப்பா."

சுகிமான் வீட்டில் தனக்குப் பிடித்த தெம்பே என்ற சோயா வறுவலைக்கூடத் தொடவில்லை. "என் கையில இருந்த சக்தி போயிடுச்சு, லாஸ்மி."

"எங்கயும் போகல. குளிச்சிட்டு வாங்க."

அவன் குளிக்கும்போது, மருமகன் இன்னும் வந்து எடுத்துப்போகாத கீபோர்டைத் திறந்து, ஸ்க்ரூடிரைவரால் சிப்பின் ஒரு முனையை மெல்லக் கிளப்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தர்சோனோ போனில் கெஞ்சினார். "உடனே வாப்பா. நாளைக்கு நமக்கு வரப்போற சொத்தாச்சேன்னு மருமகன் தட்டாம தடவிக்கிட்டு இருக்கான். பொண்ணு வீட்டுக்காரங்க முறைக்கிறாங்க."

சுகிமான் நெஞ்சை நிமிர்த்திக் கிளம்பினான்.

"ரொம்ப ஓங்கித் தட்டாதீங்க," என்றாள் லாஸ்மி. "கொஞ்சமாத்தான் கிளப்... கை வலிக்கும்."