மீட்டருக்கு ஒரு விரல்

தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற ஆரியசாலையில் லிங்கராஜின் துணிக்கடைக்குப் போய், "அண்ணாச்சி, அளவு குறையாதில்லா?" என்று யாராவது கேட்டுவிட்டால் தீர்ந்தது. அன்றைக்கு அவர் வாயில் விழுந்தவர் எழுந்து வர அரை மணி நேரம் ஆகும். "குறையுமா? என் கடையிலயா? நெய்யாற்றின்கரை தையல்காரன்கிட்டக் கேளு, நெடுமங்காட்டுக்காரன்கிட்டக் கேளு. லிங்கராஜ் அளந்தா அளந்ததுதான்!" என்று இரும்பு மீட்டர் கம்பியை மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார். முப்பத்தெட்டு வருஷமாக அதே கம்பிதான். அதன்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை சொந்தக்காரர்கள்மேல்கூட இருந்ததில்லை.

இப்பேர்ப்பட்டவர் வீட்டில்தான் அளவு குறைந்துபோனது. அந்தக் கூத்தைத்தான் சொல்ல வந்தேன்.

லிங்கராஜின் மனைவி செண்பகவல்லி அரசு ஆபீஸில் வேலை பார்த்தவள். பதினெட்டு வருஷமாக மதியச் சாப்பாட்டைப் பத்து நிமிஷத்தில் விழுங்கிவிட்டு ஆபீஸ் கிளப்புக்கு ஓடுவாள். அங்கே ஒரு பூல் மேசை இருந்தது. பச்சைத் துணி போர்த்திய ஏழடி மேசை. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கியூ என்கிற அந்த நீளக் கோலால் வெள்ளைப் பந்தைத் தட்டினாள் என்றால், எதிரே நிற்கும் பந்து சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி குழிக்குள் போய் விழும். கூட வேலை பார்த்த ரத்னாபாய் ஒருத்திதான் அவளுக்கு ஈடு கொடுப்பாள். இருவருக்கும் ஆட்டத்தில் ஆகவே ஆகாது. ஆட்டம் முடிந்ததும் ஒரே டம்ளரில் டீ குடிப்பார்கள்.

மே மாதம் செண்பகவல்லி ஓய்வு பெற்றாள். கிளப்பில் எல்லோருமாகச் சேர்ந்து அவளுக்கென்று ஒரு நல்ல கியூ வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் கிளப், வேலையில் இருப்பவர்களுக்கு மட்டுந்தான். கியூ உறையோடு பீரோவுக்குப் பின்னால் போய் நின்றது. செண்பகவல்லி வீட்டோடு இருந்தாள். சமைத்தாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள், மதியம் ஒரு மணி ஆனதும் கடிகாரத்தைப் பார்த்தாள். தினமும் பார்த்தாள். சாப்பிட வீட்டுக்கு வரும் லிங்கராஜுக்கு அதைக் கண்டு சோறு இறங்கவில்லை.

"செண்பகம், கீழ சரக்கு வச்சிருந்த ரூமைக் காலி பண்ணிட்டேன். ஒனக்கு அங்க மேசை போடப்போறேன். அதே ஏழடி மேசை" என்றார் ஒரு நாள்.

"எந்தா? வெளையாடுதீங்களா?" என்றாள். ஆனால் முகம் விளக்குப் போட்டாற்போல ஆகிவிட்டது. அன்றைக்கே ரத்னாபாய்க்குப் போன் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து ஆடுவதாக அவளும் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

விழிஞ்ஞம் போகிற வழியில் லிஜோ என்பவனின் பட்டறை. பூல் மேசை செய்து கொடுப்பவன். இருவரும் அங்கே போனார்கள்.

"சேட்டா, மேசை வைக்க எடம் மட்டும் பார்த்தா போரா, பத்தாது" என்றான் லிஜோ. அவனுடைய தமிழ் பாதி வழியிலேயே மலையாளத்துக்குத் திரும்பிவிடும். "சுத்தியும் நின்னு கியூ பிடிச்சு அடிக்கணுமல்லோ? கியூ நூத்தி நாப்பத்தஞ்சு சென்டிமீட்டர். ரெண்டு பக்கத்துக்கு ரெண்டு கியூ. நடுவுல மேசையோட ஆடுற அகலம், ஏழடி மேசைக்குத் தொண்ணூத்தொன்பது. எல்லாம் கூட்டிப் பாருங்க. ரூம் மூணு மீட்டர் எண்பத்தொன்பது அகலம் வேணும். அதுல குறைஞ்சா கியூவோட மூடு, அடிப்பக்கம், சுவர்ல முட்டும்."

"அறை நீளமா கெடக்கு. அகலமும் இருக்கும்" என்றார் லிங்கராஜ்.

"ஞான் வந்து டேப் வச்சு அளந்து தரேன்."

லிங்கராஜுக்குச் சுருக்கென்றது. துணிக்கடைக்காரன் வீட்டுக்கு அளக்க ஆள் வருவதா! "ஒம்ம டேப் ஒம்மகிட்ட இருக்கட்டும். அளவு நான் சொல்லுதேன்" என்று கம்பீரமாகக் கிளம்பி வந்தார்.

கடையிலிருந்து கம்பி வந்தது. முழங்காலில் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, சுவரிலிருந்து சுவர் வரைக்கும் அளந்தார். ஒன்று, ரெண்டு, மூன்று, அப்புறம் மிச்சம். மூன்று மீட்டர் எண்பத்திரண்டு. சரியாக ஏழு சென்டிமீட்டர் குறைந்தது.

மறுபடி அளந்தார். எண்பத்திரண்டுதான். அந்தப் பக்கத்துச் சுவரிலிருந்து தொடங்கி இன்னொரு தடவை அளந்தார். சுவருக்கு என்ன, இரக்கமா இருக்கும்? அதே எண்பத்திரண்டு.

"சுவரை ஒரு பக்கம் செதுக்கிரலாமா?" என்றார் அசடு வழிய.

"வீட்டையே இடிச்சுருவீங்க போலியே! மதி, மதி, போதும்" என்றாள் செண்பகவல்லி.

லிஜோ போனில் இரண்டு வழி சொன்னான். ஏழடி மேசையே போட்டுக்கொண்டு குட்டை கியூவால் ஆடலாம். இல்லாவிட்டால் ஆறடி மேசை; அதற்கு மூன்று எழுபத்தொன்பது போதும், சேச்சியின் கியூவே சுவரில் முட்டாமல் ஆடும். ஆனால் ஆறடிக்கு அவனிடம் துணிக்கு அடியில் போடும் கல் பலகை கிடையாது, மரப்பலகைதான். பந்தும் சிறிசு, குழியும் சிறிசு.

செண்பகவல்லி பீரோவுக்குப் பின்னாலிருந்து கியூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "குட்டைக் கம்பை வச்சுக்கிட்டு அடுப்பு ஊதுன மாதிரி நிக்க என்னால ஆகாது. ஆறடியே போட்டுருங்க. சாரமில்ல" என்றாள்.

அந்தச் 'சாரமில்ல'தான் லிங்கராஜைக் குத்தியது. பரவாயில்லை என்று பிறர் சொன்னால் பரவாயில்லைதான். செண்பகவல்லி சொன்னால் அவ்வளவு எளிதில்லை. கல்யாணம் ஆன புதிதில் அவர் வாங்கி வந்த ஊதாப்பூ நிறச் சேலைக்கும் இப்படித்தான் சாரமில்ல என்றாள். அது இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. ரத்னாபாய் வேறு போனில் சிரித்திருக்கிறாள். "ஆறடியா? செண்பகம், கேரம் போர்டையா வாங்குதே?" என்று கேட்டாளாம். லிங்கராஜுக்கு அறையின்மேல் கோபம் வந்தது. ஏழு சென்டிமீட்டர் பெரிதாகக் கட்டினால் அந்தக் கொத்தனாருக்கு என்ன கெட்டுப் போயிருக்கும்!

திங்கட்கிழமை பலகை அறுப்பதாக லிஜோ சொல்லியிருந்தான். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை; ஓணத்துக்கு இரண்டு வாரமே இருந்ததால் அன்றைக்கும் கடை உண்டு. லிங்கராஜ் கடைக்குப் போக மலையாளத்து முண்டு வேட்டியை உடுத்திக்கொண்டிருந்தார். கீழேயிருந்து செண்பகவல்லியின் சத்தம் வந்தது.

"இங்க ஒண்ணு வாங்க!"

போய்ப் பார்த்தால் தரையில் சாக்கட்டியால் கட்டம் போட்டிருந்தாள். மேசை எங்கே வரும், விளக்கு எங்கே தொங்கும் என்று பார்ப்பதற்காக ஆறடி மேசையின் அகலத்தை வரைந்து, அதற்கும் சுவருக்கும் நடுவில் கியூவைக் கிடத்தியிருந்தாள்.

"இந்த ஆறடிக்கு ரெண்டு பக்கமும் சேத்து மிச்சம் மூணு சென்டிமீட்டர்தான் வரணும், இல்லியா? இங்க பாருங்க." கியூவின் நுனிக்கும் சுவருக்கும் நடுவில் மூன்று விரலை அடுக்கி வைத்தாள். உள்ளே போயிற்று. மறு பக்கம் போய் வைத்தாள். அங்கேயும் போயிற்று. "கோடு தப்பா போட்டுட்டேனோன்னு ரெண்டு தடவை பாத்துட்டேன். ஏழடிக்கும் கோடு போட்டுப் பாத்தேன். கியூ ரெண்டு பக்கமும் கெடக்கு. முட்டல்லே."

"முட்டாம எப்படி? மூணு எண்பத்திரண்டுலா!"

"அப்போ ராத்திரியோட ராத்திரியா சுவர் நகந்துட்டா?"

"நீ சாக்கட்டியில கோணலா இழுத்திருப்பே. நகரு, நான் காட்டுதேன்" என்று லிங்கராஜ் மேலே போய், கடைக்குக் கொண்டுபோக வைத்திருந்த கம்பியை எடுத்து வந்தார். உடுத்திய முண்டோடு தரையில் உட்கார்ந்தார். சுவரில் கம்பியை ஒட்டவைத்தார். "ஒண்ணு" என்றார். கம்பியின் முனையில் கட்டைவிரலை அழுத்தி வைத்தார். கம்பியைத் தூக்கி விரலுக்கு அந்தப் பக்கம் வைத்தார். "ரெண்டு." மறுபடி கட்டைவிரல். மறுபடி விரலுக்கு அந்தப் பக்கம்.

"நில்லுங்க!" என்றாள் செண்பகவல்லி. "அந்த வெரல் எதுக்கு?"

"எந்த வெரல்?"

"தரையில வச்சிருக்கீங்களே, அந்தப் பெருவிரல்!"

லிங்கராஜ் குனிந்து பார்த்தார். அவருடைய கட்டைவிரல், உருளைக்கிழங்கு மாதிரி, தரையில் தன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. அது அங்கே இருக்கிறது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும்.

அவர் கடை வழக்கம் அது. துணி அளக்கும்போது ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு விரல் அகலம் கூட விட்டுத்தான் அடுத்த மீட்டரை வைப்பார். வாங்குகிறவன் பாக்கியம். தண்ணீரில் போட்டுச் சுருங்கினாலும், கத்தரி கொஞ்சம் வளைந்தாலும் சட்டைக்குத் துணி பற்றாமல் போகாது. நெய்யாற்றின்கரையிலிருந்து தையல்காரர்கள் பஸ் ஏறி வருவது சும்மாவா? அந்த விரல் கணக்கில் வராது, பில்லில் வராது, இத்தனை வருஷத்தில் லிங்கராஜின் நினைப்பிலும் வராமல் போய்விட்டது. இந்த அறையிலும் மூன்று மீட்டருக்கு மூன்று விரலைத் தாராளமாக விட்டுவிட்டு மிச்சத்தை அளந்திருக்கிறார். அதுவும் மூன்று தடவை!

"சுவருக்கா ஓணக்கோடித் துணி எடுத்துக் குடுத்தீங்க?" என்று கேட்டாள் செண்பகவல்லி. கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். நின்று சிரித்தாள், சுவரைப் பிடித்துச் சிரித்தாள், முடியாமல் சாக்கட்டிக் கட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. லிங்கராஜுக்கு முதலில் மானம் போனது. லிஜோவிடம் என்ன பேச்சுப் பேசியிருக்கிறோம் என்று நினைத்துக் காது சூடாயிற்று. ஆனால் மே மாதத்துக்கு அப்புறம் அவள் இப்படிச் சிரித்து அவர் பார்க்கவில்லை. மானந்தானே, போனால் போகட்டும் என்று அவரும் சேர்ந்து சிரித்தார்.

தையல் மிஷின் டிராயரிலிருந்து டேப்பைக் கொண்டுவந்து செண்பகவல்லியே அளந்தாள். லிங்கராஜைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னாள். நின்றார். மூன்று மீட்டர் தொண்ணூறு.

"ஒரு சென்டிமீட்டர் மிச்சமே இருக்கு!" என்றார்.

"வாயை மூடிட்டு லிஜோவை விளிங்க."

லிஜோ நல்லவேளையாக இன்னும் பலகையைத் தொட்டிருக்கவில்லை. "ஆயிக்கோட்டே சேட்டா, ஏழடியே போட்டுத் தரேன்" என்றவன், கொஞ்சம் தயங்கி, "இப்ப அளந்தது யாரு?" என்று கேட்டான்.

"சேச்சி அளந்தா" என்றார் லிங்கராஜ்.

"அப்போ சரி" என்றான் அவன். பாவி, யோசிக்கக்கூட இல்லை.

ஓணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மேசை வந்து நின்றது. ரத்னாபாய் பாறசாலையிலிருந்து வாழைக்காய் வறுத்த உப்பேரி ஒரு பொட்டலத்தோடு வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே மேசையைத் தடவிப் பார்த்தாள். "அதே ஏழடி! கல் பலகை!" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் தலைப்பைச் செருகிக்கொண்டார்கள். ஒரு மணிக்குத் தொடங்கிய ஆட்டம், இலையில் சோறு ஆறிப்போயும் முடியவில்லை.

கடைசியில் கறுப்புப் பந்து ஒன்றுதான் மிச்சம். வெள்ளைப் பந்து சுவர்ப் பக்கத்து ஓரத்தை ஒட்டிக்கொண்டு நின்றது. செண்பகவல்லி குனிந்து, கியூவை மெல்லப் பின்னால் இழுத்தாள். பக்கத்தில் லிங்கராஜ், கியூவுக்கு நேர் பின்னால் சுவரில் கை ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

கியூ பாதி வழியில் நின்றது. செண்பகவல்லி திரும்பிப் பார்க்கவில்லை.

"வெரலை எடுங்க" என்றாள்.

லிங்கராஜ் சுட்டுக்கொண்டவர் மாதிரிக் கையை எடுத்தார். கியூ சுவரைத் தொடாமல் பின்னால் வந்து முன்னால் போயிற்று. கறுப்புப் பந்து மூலைக் குழியில் விழுந்தது.

"எந்த வெரலு? என்ன சமாச்சாரம்?" என்று ரத்னாபாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லே" என்றார் லிங்கராஜ். கட்டைவிரல் இரண்டையும் மூடிய கைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, மனைவி அடுத்த ஆட்டத்துக்குப் பந்து அடுக்குவதைச் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.