கரையில் இருந்தவன் பேர்

என் மனைவி ஜெயப்ரியாவுக்குக் கப்பலில் வேலை கிடைத்தபோது முதலில் சிரித்தது என் அம்மாதான்.

"கேபிள் ரிப்பேர் பண்ண கடலுக்குப் போறாளாம். கடலுக்குள்ள எவன்டா டிவி பாக்குறான்?"

அது டிவி கேபிள் இல்லை, கடலுக்கடியில் நாடு விட்டு நாடு போகும் இன்டர்நெட் கேபிள் என்று விளக்கினேன். நான் எதை விளக்கினாலும் அம்மாவுக்குக் கொட்டாவி வரும். கொட்டாவியைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. அதோடு அந்த விளக்கம் முடிந்தது.

ஜெயா இத்தனை நாளும் ஏனாத்தூர் பக்கம் சாலையோரக் குழிகளில் உட்கார்ந்து, அறுந்த ஃபைபரை மெஷினில் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தவள். முடி மாதிரிக் கண்ணாடி இழை. லாரி உரசிக்கொண்டு போனாலும் அவள் கை நடுங்காது. அந்தக் கைக்காகத்தான் கேபிள் பழுது பார்க்கும் கப்பலிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று மாதம் கடலில். வருகிறேனா இல்லையா என்று திங்கட்கிழமை சொல்லியாக வேண்டும்.

எங்கள் மகள் சிம்ரனுக்கு நாலு வயது. நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன், விடிந்ததும் கிளம்பிவிடுவேன். ஆக, அம்மா சரி என்றால்தான் கப்பல். அம்மா முடியாது என்றுவிட்டாள்.

"இவ தண்ணி மேல மெதந்துக்கினு இருப்பா, நான் இங்க கொழந்தைய வெச்சிக்கினு வாசலப் பாத்துக்கினு இருக்கணுமா? ஆவாதுபா."

அம்மா பெயர் காந்தா. பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், பிணைப்பது அவள் தொழில். ஒரு பாவு நெய்து முடிந்ததும் கடைசி நூல்களைத் தறியிலேயே விட்டுவிடுவார்கள். புதுப் பாவின் ஒவ்வொரு நூலையும் அந்தப் பழைய நுனியோடு சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் உருட்டி இணைக்க வேண்டும். எங்கள் பிள்ளையார்பாளையத்தில் பாதித் தறிகள் அம்மா விரல் பட்டவை. அந்தத் திமிர் அவளுக்கு உண்டு. எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் அவளிடம் சொன்னதில்லை, சொன்னால் வீட்டில் குடியிருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா கூடத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். ஜெயா பக்கத்தில் போய் உட்கார்ந்து தானும் உரித்தாள். கெஞ்சப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கெஞ்சவில்லை.

"அத்தே, ஒரு கூத்து சொல்லட்டா?"

"சொல்லு. காதுக்கு இன்னா, சும்மாதான கெடக்குது."

"நூத்தி அறுவது வருஷத்துக்கும் மின்னாடி அட்லாண்டிக் கடலுக்கு அடியில தந்திக் கம்பி போடக் கெளம்பினாங்க. அவ்ளோ நீளத்த பாதி பாதியா ரெண்டு கம்பெனிங்க செஞ்சிச்சு. மேல இரும்புக் கம்பி சுத்தணும். ஒருத்தன் வலப்பக்கமா முறுக்கிட்டான். இன்னொருத்தன் எடப்பக்கமா முறுக்கிட்டான்."

அம்மாவின் கை நின்றது. "ஒருத்தன ஒருத்தன் கேட்டுக்கலயா?"

"எல்லாம் செஞ்சு முடிச்சப்புறம்தான் தெரிஞ்சுது."

அம்மா சிரித்த சிரிப்பில் முறத்திலிருந்த மொச்சை தரையில் ஓடியது. "அட பாவிங்களா! எதிர்முறுக்க சேத்தா இழுக்க இழுக்கப் பிரிஞ்சிக்கினு வருமேடா! இன்னா பண்ணானுங்க?"

"மரத்துல சட்டம் மாதிரி செஞ்சு, சேத்த எடம் சுத்தாம புடிச்சு வெச்சானுங்க."

"ம்... மூள இருந்திருக்குது," என்றாள் அம்மா. அவள் வாயிலிருந்து இந்த வார்த்தையை நான் இதுவரை வாங்கியதில்லை.

அந்தக் கம்பி சில வாரம் பேசிவிட்டுச் செத்துப்போனதாம். ஜெயா விடாமல் சொன்னாள். சில வருஷம் கழித்துப் பெரிய கப்பலில் வேறொரு கம்பி போட்டார்கள். அது நடுக்கடலில் அறுந்து அடியில் போய்விட்டது. அங்கே ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல். மறுவருஷம் அதே இடத்துக்குப் போய்க் கொக்கியைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவினார்கள். கொக்கியில் சிக்கும், பாதி வழியில் நழுவும். மறுபடி இறக்கினார்கள். கடைசியில் நுனியை மேலே எடுத்து, புதுக் கம்பியைப் பழைய நுனியோடு பிணைத்தே விட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. இருட்டில், மலையளவு தண்ணீருக்குக் கீழே, விரல் தடிமன் கம்பி! இவர்கள் என்ன மனிதர்கள்!

அம்மா வேறு எதையோ யோசித்தாள். "சரி, அந்தப் பக்கம் உசுரு வந்துதா இல்லயான்னு எப்டித் தெரியும்?"

"அயர்லாந்துக் கரையில அந்தக் கம்பியோட இன்னொரு மொன இருந்துது அத்தே. அத ஒரு கருவியில மாட்டி வெச்சிருந்தாங்க. கரண்ட் வந்தா அதுல ஒரு வெளிச்சப் புள்ளி நகரும். அறுந்த நாள்லருந்து ஆளுங்க மொற வெச்சு ஒக்காந்து அந்தப் புள்ளியவே பாத்துக்கினு இருந்தாங்க. ஒரு வருஷம். செத்த கம்பின்னு யாரும் எழுந்து போவல. ஒருநாள் விடியக்காலம் புள்ளி நகந்துது."

அம்மா உரித்த தோலை ஒருபக்கம் ஒதுக்கித் தள்ளினாள்.

"அப்ப பாத்துக்கினு இருந்தானே, அவன் பேர் இன்னா?"

"தெரியல அத்தே. கப்பல் பேரு தெரியும், இன்ஜினியருங்க பேரு தெரியும்..."

"பாத்தியா!" அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கப்பலுக்குப் பேர் இருக்குது. ஒரு வருஷம் கரையில கண்ணு பூத்துப் பாத்துக்கினு இருந்தவனுக்குப் பேர் இல்ல!"

போச்சு, காரியம் கெட்டது என்று நினைத்தேன். ஜெயாவும் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா தரையில் ஓடிய மொச்சையைப் பொறுக்கி முறத்தில் போட்டாள். பிறகு எழுந்து, தூங்கிக்கொண்டிருந்த சிம்ரன் காலில் போர்வையை இழுத்துவிட்டாள்.

"போய்ட்டு வா," என்றாள், ஜெயாவைத் திரும்பிப் பார்க்காமல். "ஆனா கப்பல்ல எவனாவது கொழந்தைய யார் பாத்துக்கினு இருக்காங்கன்னு கேட்டா, மாமியார்னு சொல்லிடாத. காந்தான்னு பேர் சொல்லு."